சோதனைக்குப் போன நாளுக்கும் பேர் போட வேண்டும்



தொற்றுநோய் பரவும் காலத்தில் ஒருவர் தானாக முன்வந்து வைரஸ் பரிசோதனைக்குப் போவது எதற்காக? இன்னொருவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு மலைக்கு ஏறுவது எதற்காக? முதலாமவருக்கு அறிவு உண்டு, இரண்டாமவருக்கு அறிவில்லை என்று பத்திரிகைகளும் அதிகாரிகளும் கொவிட் காலத்தில் எமக்குப் பாடம் நடத்தினார்கள். "தோட்டத்து ஆட்களுக்கு விளக்கம் போதாது" என்ற சொல்லை எத்தனை கூட்டங்களில் கேட்டோம்! அந்தச் சொல் சரியா என்று ஆற அமர யோசித்துப் பார்க்கவே இத்தலையங்கம்.

இதைப் பாசிக்குடாவிலிருந்து எழுதுகிறேன். கடற்கரை ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்யும், சமையலறையில் பாத்திரம் கழுவும், தோட்டம் பராமரிக்கும் பிள்ளைகளில் பலர் எமது லயங்களில் பிறந்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு மட்டக்களப்புப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. அவர்களோடு பேசியபோது கொவிட் காலத்துக் கதைகளே மீண்டும் மீண்டும் வந்தன. கொவிட் சோதனையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் அதிகம் இல்லை. ஏனென்று சொல்கிறேன்.

2020 மார்ச் மாதம் இத்தாலி, தென்கொரியா, ஈரான் நாடுகளிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்த அரசாங்கம் முதலில் தெரிவு செய்த இடங்களில் ஒன்று புணானையிலுள்ள மட்டக்களப்பு கெம்பஸ் கட்டடம். அது பாசிக்குடாவிலிருந்து மேற்கே வாழைச்சேனை, ஓட்டமாவடி தாண்டிப் போகும் வீதியில் இருக்கிறது. அதே வருடம் அக்டோபரில் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணி வெடித்தது. இங்கிருந்து மீன் ஏற்றிப் போன லொறிகளோடு நோயும் திரும்பி வந்தது. வாழைச்சேனைப் பொலிஸ் பிரிவில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு போடப்பட்டது. மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை. ஹோட்டல்களோ 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பின் அடியிலிருந்து எழும்பவேயில்லை. விமான நிலையமும் 2020 மார்ச்சில் மூடப்பட்டு, உல்லாசப் பயணிகளுக்கு 2021 ஜனவரி 21 ஆம் திகதிதான் திரும்பத் திறந்தது. வேலை இழந்த பிள்ளைகள் பஸ் ஏறி லயத்துக்கே திரும்பினார்கள்.

அந்த நாட்களில் யார் சோதனைக்குப் போனார்கள், எதற்காகப் போனார்கள் என்று அந்தப் பிள்ளைகளிடமும் தோட்டத்திலும் கேட்டுப் பார்த்தேன். பதில்களை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உண்மையிலேயே உடம்புக்கு முடியாமல் போய், என்ன நோய் என்று தெரிந்துகொள்ளப் போனவர்கள். இரண்டாவது, தனக்கு ஒன்றுமில்லாவிட்டாலும் வீட்டிலே வயதான அம்மா இருக்கிறார், பிள்ளை பெற்ற மகள் இருக்கிறாள், அவர்களுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று போனவர்கள். மூன்றாவது, ஒரு கடதாசிக்காகப் போனவர்கள்: வெளிநாடு போக, கொழும்பில் திரும்ப வேலைக்குச் சேர "நெகட்டிவ்" என்ற கடதாசி வேண்டும். நான்காவது, பொதுச் சுகாதார பரிசோதகர் வந்து வரிசையில் நில் என்றதால் நின்றவர்கள். ஐந்தாவது, அந்த முடிவு இருந்தால்தான் லீவும் நிவாரணமும் கிடைக்கும் என்பதற்காகப் போனவர்கள். இந்த ஐந்தாவது கூட்டத்தில் மாதச் சம்பளக்காரர்தான் அதிகம். எமது ஆட்கள் மிகக் குறைவு.

அறிவில்லாதவன் இந்த ஐந்திலும் யாருமில்லை. எல்லோரும் கணக்குப் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள். சோதனையால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்ற கணக்கு. மாதச் சம்பளம் வாங்குபவரின் கணக்கும் நாட்கூலி வாங்குபவரின் கணக்கும் ஒன்றல்ல.

எமது கணக்கைப் பாருங்கள். தோட்டத்தில் பேர் போட்டால்தான் சம்பளம். பிரட்டுக்குப் போகாதவருக்குப் பேர் இல்லை. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வேலை செய்யும் ஒருவருக்கு நோய்க்கும் சொந்த அலுவலுக்குமாக வருடத்தில் 7 நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. மலையில் நிற்பவருக்கு அப்படியொரு நோய் லீவு சட்டத்தில் இல்லை. 2021 மார்ச் 5 ஆம் திகதி நாட்சம்பளம் 1,000 ரூபா ஆக்கப்பட்டது. சோதனையில் "பொசிட்டிவ்" வந்தால் குறைந்தது 14 நாள் வீட்டோடு. கணவனும் மனைவியும் மலையில் வேலை என்றால் இரண்டு பேருக்கும் 14 நாள். ஞாயிறைக் கழித்தாலும் 24,000 ரூபா அந்த வீட்டிலிருந்து ஒரே முடிவினால் போகிறது. ஒரு குச்சியை மூக்கில் விடுவதற்கு யார் இந்த விலை கொடுப்பார்?

தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதி என்று அரசாங்கம் அறிவித்தது உண்மை. அது கிடைத்த வீடுகளும் உண்டு. பொதி வந்து சேர முன்பே 14 நாளும் முடிந்துவிட்ட லயங்களும் உண்டு. கதவிலே ஒட்டும் அறிவித்தல் மட்டும் ஒருநாளும் பிந்தி வரவில்லை.

2020 மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தபோது கடை பூட்டினார்கள், பாடசாலை பூட்டினார்கள், காரியாலயம் பூட்டினார்கள். தேயிலை மலை பூட்டப்படவில்லை. அந்த வருடம் தேயிலை ஏற்றுமதி நாட்டுக்கு ஏறக்குறைய 124 கோடி டொலர் கொண்டுவந்தது. உல்லாசப் பயணம் படுத்துவிட்ட வருடத்தில் அந்தப் பணம் எந்தக் கையால் பறிக்கப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாட்டுக்கு எமது கை தேவைப்பட்டது. அந்தக் கைக்குரிய ஆள் காய்ச்சலில் விழுந்தால் யார் சோறு போடுவது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆடைத் தொழிற்சாலைத் தங்கைமாரின் கதையும் இதுதான். 2020 அக்டோபர் முதல் வாரத்தில் மினுவாங்கொடைத் தொழிற்சாலையில் ஒரு பெண்ணுக்கு நோய் என்று தெரிந்தது. சில நாட்களுக்குள் ஆயிரம் பேரைத் தாண்டியது. சுதந்திர வர்த்தக வலயப் போடிங்குகளில் இருந்தவர்களை, உடுப்பு எடுக்கவும் நேரம் கொடுக்காமல், பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதாகச் செய்திகள் வந்தன. அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் மலையகத்துப் பிள்ளைகள். அந்தச் செய்தி தோட்டத்துக்கு வந்தபோது, சோதனை என்றால் "ஆளைத் தூக்கிக்கொண்டு போவது" என்ற அர்த்தமே எமது மக்கள் மனதில் பதிந்தது. என் வகுப்பில் ஒரு சிறு பிள்ளையிடம் பரிசோதனை என்றால் என்ன என்று கேட்டேன். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு போறது சேர்" என்றது. அந்தப் பிள்ளைக்கு நான் மரபணுவைப் பற்றி விளக்கி என்ன பயன்?

இந்த அர்த்தம் எமக்குப் புதிதும் அல்ல. எமது பாட்டன் பூட்டன் இந்த நாட்டுக்கு வந்த வழியில் மண்டபம் முகாம் இருந்தது. அம்மையும் வாந்திபேதியும் தோட்டத்துக்குள் போய்விடக் கூடாது என்று அங்கே ஆட்களைத் தடுத்து வைத்துப் பார்த்துத்தான் கப்பலில் ஏற்றினார்கள். அந்தப் பரிசோதனை கூலியாளைக் காப்பாற்றவா, தோட்டத்தின் வேலையைக் காப்பாற்றவா என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும். 1916 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவுக்கு எதிரான வேலையைத் தொடங்கியது. மலத்தைச் சோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள். ஆனால் போதிய கக்கூஸ் கட்டப்படவில்லை. மருந்து குடித்தவர் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்து திரும்பவும் புழுவை வாங்கிக்கொண்டார். சோதனை வந்தது, வசதி வரவில்லை. நூறு வருடம் கழித்து கொவிட் காலத்திலும் அதையே கண்டோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர் இருக்கும்போது "நோயாளி தனி அறையில் இருக்க வேண்டும்" என்று கடதாசியில் எழுதிக் கொடுத்தார்கள்.

இனி ஓட்டமாவடிக்கு வருவோம். சோதனைக்குப் பயப்பட வைக்கும் இன்னொரு காரணத்தை நாட்டுக்கே காட்டிய மண் அது.

கொவிட்டில் இறந்தவரைப் புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இலங்கை அரசாங்கமோ 2020 ஏப்ரலில் எரிக்க மட்டுமே வேண்டும் என்று வர்த்தமானி போட்டது. முஸ்லிம் சகோதரர்களுக்கு அது நெஞ்சில் விழுந்த வெட்டு. பிறந்து 20 நாளேயான ஒரு பச்சைக் குழந்தையின் உடலையும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். இதன் பின் காய்ச்சல் வந்த ஒரு முஸ்லிம் முதியவர் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தால் அவரை அறிவில்லாதவர் என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? சோதனைக்குப் போனால் மௌத்தின் பிறகு மண்கூடக் கிடைக்காது என்ற பயம் அவருக்கு. உள்ளூரிலும் வெளியூரிலும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2021 பெப்ரவரி இறுதியில் அரசாங்கம் அடக்கத்துக்கு அனுமதித்தது. மார்ச் 5 ஆம் திகதி, எமது 1,000 ரூபா நடைமுறைக்கு வந்த அதே நாளில், ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அதன் பின் நாடு முழுவதிலுமிருந்து கொண்டுவரப்பட்ட 3,600 க்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே கிடக்கின்றன. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு நல்லது. ஆனால் பயத்தினால் சோதனைக்குப் போகாமல் வீட்டிலேயே மூச்சடங்கிப் போனவர் திரும்பி வரமாட்டார்.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவர்களுடைய பயம் எமக்குப் புரிய வேண்டும். ஏனென்றால் எமது பயமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்களுக்கு மண் போகும் என்ற பயம், எமக்குப் பேர் போகும் என்ற பயம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் உதாரணம். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் கொவிட்டுக்குப் பாணி மருந்து கண்டுபிடித்ததாகச் சொன்னார். ஆயிரக்கணக்கான சனம் போய் வரிசையில் நின்றது. அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொவிட் வந்தது. சோதனைக்கு வராத சனம் பாணிக்கு மட்டும் ஏன் ஓடியது என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. பாணி எவருடைய வேலையையும் பறிக்கவில்லை, எவரையும் பஸ்ஸில் ஏற்றவில்லை, எவருடைய கதவிலும் கடதாசி ஒட்டவில்லை. அது நம்பிக்கை மட்டும் கொடுத்தது. சோதனையோ உண்மையைக் கொடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. சனம் எந்தப் பக்கம் போகும்?

இது ஏழை நாட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2020 நவம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நோய் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். வசதியான பகுதிகளில் நிறையப் பேர் வந்தார்கள். ஏழைப் பகுதிகளில் குறைவாக வந்தார்கள். பொசிட்டிவ் வந்து வீட்டில் இருந்தால் வருமானம் போய்விடும் என்ற பயம் அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். குறைந்த வருமானக்காரர் தனிமையில் இருந்தால் 500 பவுண் கொடுக்கும் திட்டம் அங்கே இருந்தும் இந்த நிலைமை. சிங்கப்பூரில் எமது தமிழ் இளைஞர்களும் வங்காளதேச இளைஞர்களும் தங்கியிருந்த விடுதிகளில், 2020 இறுதிக்குள் ஏறக்குறைய 47 வீதமானோருக்குத் தொற்று வந்து போயிருந்தது. பணத்துக்கும் சோதனைக்கும் பஞ்சமில்லாத நாடு அது. ஒரே அறையில் பன்னிரண்டு, பதினாறு பேரைப் படுக்க வைத்ததுதான் அங்கே பிழை. வீடு சரியில்லாத இடத்தில் சோதனை மட்டும் நோயை நிறுத்தாது.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? இல்லை தோழர்களே. வேண்டும், கட்டாயம் வேண்டும். இதிலே குழப்பம் வேண்டாம்.

பி.சி.ஆர். என்பது மூக்கிலும் தொண்டையிலும் எடுக்கும் சளியில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று அதைப் பல மடங்கு பெருக்கிப் பார்ப்பது. மிகக் குறைவாக இருந்தாலும் பிடித்துவிடும். ஆனால் ஆய்வுகூடம் வேண்டும், முடிவு வர நேரம் எடுக்கும். அன்டிஜன் சோதனை அரை மணிக்குள் முடிவு சொல்லும், சில நோயாளிகளைத் தவறவிடவும் செய்யும். நோயாளியோடு பழகிய மறுநாளே சோதித்தால் எந்தச் சோதனையிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆகவே இன்றைய "நெகட்டிவ்" நாளைக்கு உத்தரவாதம் அல்ல. கொவிட்டின் பெரிய கள்ளத்தனம் என்னவென்றால், காய்ச்சல் தொடங்க ஒன்றிரண்டு நாள் முன்பே அது மற்றவருக்குத் தாவும். கொழுந்து நிறுக்கும் இடத்தில், பிள்ளைக் காம்பராவில், பொதுத் தண்ணீர்க் குழாயடியில் அது யாருக்கும் தெரியாமல் நடக்கும். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டித் தருவது சோதனை மட்டும்தான். லயத்தின் ஒரு காம்பராவில் நோய் என்று முதல் நாளே தெரிந்தால் அடுத்த காம்பராவில் இருக்கும் ஆஸ்துமாக்காரக் கிழவியைக் காப்பாற்றலாம். ஆகவே சோதனை எமது உரிமை. தனியார் வைத்தியசாலையில் பி.சி.ஆர். ஒன்றுக்கு 6,500 ரூபாவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2021 ஆகஸ்டில் அரசாங்கம் விலை வைத்தது. அன்றைய சம்பளத்தில் அது ஆறரை நாள் பேர். எனவே இலவசச் சோதனை எமது தோட்டத்துக்கே வர வேண்டும் என்று கேட்பதும் எமது வேலைதான்.

கேட்க வேண்டியது சோதனையை மட்டுமல்ல, சோதனையைத் தாங்கிக்கொள்ளும் நிலைமையையும். இது பழைய கதை, கொவிட் போய்விட்டது என்று சொல்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அவசரநிலையை முடித்துக்கொண்டது உண்மை. ஆனால் டெங்கும் எலிக்காய்ச்சலும் போகவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது எமது மக்கள் பாடசாலை மண்டபங்களிலும் கோயில்களிலும் நெருக்கியடித்துத் தங்கினார்கள். அடுத்த தொற்று இப்படியொரு மண்டபத்தில் தொடங்காது என்று யார் சொல்ல முடியும்?

இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் 500 ரூபா அடிப்படைச் சம்பளத்தோடு 60 ரூபா வருகைக் கொடுப்பனவு இருந்தது. 75 வீதம் வேலைக்கு வந்தால்தான் அது கிடைக்கும். 2026 வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கி, அரசாங்கம் தன் பங்குக்கு நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்குவிப்பும் தருவதாக அறிவித்தது. சம்பள உயர்வை வரவேற்கிறோம். அது போராடிப் பெற்றது. ஆனால் வருகைக்குத் தனிக் காசு வைத்தால், காய்ச்சலோடு வீட்டில் இருப்பவர் பேரையும் இழக்கிறார், அந்தக் காசையும் இழக்கிறார். காய்ச்சலோடு மலைக்கு ஏறச் சொல்லி நாமே படி போட்டுக் கொடுத்தது போலாகும். ஆகவே நோயை நிரூபித்த நாளை வேலைக்கு வந்த நாளாகக் கணக்கிட வேண்டும்.

எமது கோரிக்கைகள் இவை:

ஒன்று: தொற்றுநோய் எனச் சுகாதார வைத்திய அதிகாரி அறிவித்த நோய்க்கு, சோதனைக்குப் போன நாளுக்கும் முடிவுக்குக் காத்திருக்கும் நாளுக்கும் தனிமையில் இருக்கும் நாளுக்கும் முழுப்பேர் போட வேண்டும். ஊழியர் சேமலாப நிதியும் வருகைக் கொடுப்பனவும் அதில் அடங்க வேண்டும்.

இரண்டு: உலர் உணவுப் பொதி முதலில் வர வேண்டும், கதவு அறிவித்தல் அதற்குப் பிறகு.

மூன்று: முடிவை முதலில் நோயாளிக்கு, தமிழில், தனியாகச் சொல்ல வேண்டும். பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுச் சொல்லக் கூடாது.

நான்கு: ஒவ்வொரு தோட்டத்திலும் விரும்பியவர் தனித்திருக்க, கக்கூஸும் தண்ணீரும் உள்ள ஒரு கட்டடம் இப்போதே ஒதுக்கப்பட வேண்டும். தாய் அங்கே போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்பதும் அதே திட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

ஐந்து: தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கியது. அது முழுமையாக முடிக்கப்பட வேண்டும்.

நிர்வாகம் என்ன சொல்லும் என்று தெரியும்: "சம்பளத்தோடு லீவு என்றால் எல்லோருக்கும் காய்ச்சல் வந்துவிடும்." அதற்குத்தானே துரைமாரே சோதனை இருக்கிறது! பொய்க் காய்ச்சலுக்குப் பொசிட்டிவ் வராது. முடிவு வரும்வரை ஒரு நாள், இரண்டு நாள் பேர் போடுவது கூடுதல் செலவா, ஒளித்துவைத்த ஒரு காய்ச்சலால் ஒரு டிவிஷன் முழுவதும் படுத்து, கொழுந்து முற்றிப் போவது கூடுதல் செலவா என்று உங்கள் கணக்கப்பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்.

தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு வீட்டில் தொற்று என்று தெரிந்தால் அந்தக் கதவுக்கு முதலில் போவது சங்கமாக இருக்கட்டும். எட்ட நின்றாவது "அக்கா, என்ன வேணும்?" என்று கேளுங்கள். அரிசி, மா, பால்மா என்று பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாயடியில் அந்த வீட்டைப் பற்றி எவராவது இளக்காரமாகப் பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். நோய் வந்தவரைத் தள்ளிவைத்தால் அடுத்தவர் ஒளிப்பார். ஒளித்த நோய் எல்லோருடைய காம்பராவுக்கும் வரும்.

அடுத்த மாதாந்தத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் வாசித்து, தீர்மானமாக எழுதி, ஒப்பமிட்டு எமது மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். காய்ச்சல் வந்த பிறகு கேட்டால் தரமாட்டார்கள். மலையில் கொழுந்து நிறைந்து நிற்கும்போதே கேட்போம்.